மக்கு ஆபீஸ்

குரும்பகரத்தில் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி ஒருவர் மக்காத எருவை வயலில் கொட்டி நடவு செய்தார். பத்தே நாளில் பயிர் மஞ்சள் பிடித்து, வேர் வெந்து, செத்துப்போனது. ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் இன்னும் ஒரு மாதம் பொறுங்கள் என்று சொல்லியிருப்பார்கள். யாரையும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவர் அவர். தவறு தன்னுடையதாக இருக்க முடியாது, ஆகவே எருவினுடையது என்று முடிவுகட்டி, மேலிடத்துக்குப் பதினாறு கடிதம் எழுதினார். பதினேழாவதை அவர் எழுதி முடிப்பதற்குள் அரசாங்கம் பயந்துபோய் ஓர் அலுவலகத்தையே திறந்துவிட்டது.

இது நடந்தது எண்பத்தொன்றாம் வருஷம். காரைக்காலில், அரசலாற்றுப் பக்கம், பிரெஞ்சுக்காரர் காலத்துக் கட்டடம் ஒன்றில் ‘எரு முதிர்வு நிர்ணய அலுவலகம்’ என்று பலகை மாட்டினார்கள். ஜனங்கள் அதை மக்கு ஆபீஸ் என்றார்கள். எரு மக்கிவிட்டதா என்று பார்க்கிற ஆபீஸ் என்ற அர்த்தத்தில்தான் அப்படிச் சொல்வதாக விசாரணையில் எல்லோரும் ஒரே மாதிரி சாட்சி சொன்னதால் ஒருவரையும் தண்டிக்க முடியவில்லை.

முதிர்வுச் சான்று இல்லாமல் எந்த எருக்குழியையும் திறக்கக் கூடாது, கிளறக் கூடாது, முகரக் கூடாது என்று சட்டம் வந்தது. சூடு பார்க்க ஒரு வெப்பப் பிரிவு, வாசனை பார்க்க ஒரு மணப் பிரிவு, இரண்டுக்கும் பொதுவாகப் பன்னிரண்டு எருக் காவலர்கள். காவலர்களுக்குக் காக்கி உடுப்பும் மூங்கில் தடியும் உண்டு. அலுவலகத்துக்கு முதலில் வந்துசேர்ந்த தளவாடம் அந்தத் தடிகள்தான். வெப்பமானி ஏழு மாதம் கழித்து வந்தது. அந்த ஏழு மாதமும் தடிகள் சும்மா இருக்கவில்லை.

நூகுவுக்கு இதெல்லாம் காதில் விழுந்திருந்தது. ஆனால் தன்னைச் சேர்ந்த விஷயமாக அவன் நினைக்கவில்லை. சைகோனில் துணிக்கடையில் பதினோரு வருஷம் வேலை பார்த்து, சண்டை முடிந்த வருஷம் ஒரு பெட்டியோடு ஊர் திரும்பியவன் அவன். குரும்பகரத்தில் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், நிலம் வாங்கி, மண் வேலையை மனைவி கமர் நிஷாவிடமிருந்துதான் கற்றுக்கொண்டான். எரு மக்கியதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதையும் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். நெஞ்சளவு கொட்டினது முழங்காலளவுக்கு அமுங்கியிருக்கணும். கடப்பாரையைச் செருகி வைத்து, மறுநாள் உருவித் தொட்டால் சில்லென்று இருக்கணும். பிடித்தால் பிடிபடணும், விட்டால் உதிரணும். சாணி எது, வைக்கோல் எது என்று தெரியக் கூடாது.

அந்த ஆவணியில் அவள் குழிக்குள் முழங்கை வரை கையை விட்டு, ஒரு பிடி எடுத்து, அவன் மூக்கருகே நீட்டினாள்.

“மக்கிருச்சுங்க. மோந்து பாருங்க, மழ பேஞ்ச மண்ணு மாதிரி இருக்கு. நாளைக்கே அள்ளிரலாம்.”

“சான்று வாங்கணுமாமே?”

“அப்ப போயி வாங்கிட்டு வாங்க. நாத்துக்கு இருவத்தஞ்சு நாளாவுது. ரொம்ப நாள் தாங்காது.”

அவனும் தன் கையை ஒருமுறை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, கழுவிக்கொண்டு பஸ் ஏறினான்.

முதிர்வு அதிகாரியின் பெயர் மொரீஸ். பிரெஞ்சுப் பென்ஷன் குடும்பம். ஐம்பது வயது. எதிரே இருப்பவனை முசியே என்று அழைத்துவிட்டுத்தான் எதையும் செய்வார். அவர் பக்கத்தில் வெப்பப் பிரிவுத் தலைவர் நீலகண்டன் நின்றிருந்தார்.

“சொல்லுங்க முசியே நூகு.”

“எரு மக்கிருச்சுங்க ஐயா. வந்து பாத்துச் சான்று குடுத்தீங்கன்னா நட்டுருவேன்.”

“மக்கிருச்சுன்னு எப்படித் தெரியும்?”

“கைய விட்டுப் பாத்தேங்க.”

மூலையில் தட்டிக்கொண்டிருந்த டைப்ரைட்டர் நின்றது.

“எந்தக் கை?” என்றார் மொரீஸ்.

நூகு வலது கையை நீட்டினான். மொரீஸ் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“இதுக்கு லைசென்ஸ் இருக்கா?”

“கைக்குங்களா?”

“எருவோட சூட்டப் பாக்குற எதுவும் கருவிதான் முசியே. கருவின்னா இங்க பதிவாகி முத்திர குத்தியிருக்கணும். பதிவாகாத கருவிய என்ன செய்றது, நீலகண்டன்?”

“செயலிழக்கச் செய்யணும் சார். விதி ஒம்பது.”

காவலன் சேக் பரீது கூப்பிடப்பட்டான். முப்பது வயது, சாதுவான முகம். நூகுவின் கையை, சொந்த அண்ணன் கையைப் போல மரியாதையாகப் பிடித்து மேசை மேல் வைத்தான்.

“நானா, மூணு அடிதான். அசைச்சுராதீங்க. அசைச்சா மறுபடி ஒண்ணுலேர்ந்து எண்ணணும். உங்களுக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம்.”

முதல் அடியில் நடுவிரல் முறிந்தது. இரண்டாவதில் மோதிர விரல். கை தானாக இழுத்துக்கொண்டது. பரீது வருத்தத்தோடு தலையை ஆட்டிவிட்டு, சொன்னபடி ஒன்றிலிருந்து தொடங்கினான். மொத்தம் ஐந்து அடி. மேசையிலிருந்த மைக்கூடு ஐந்து தரமும் துள்ளியது. நூகு தரையில் உட்கார்ந்து, கையைத் தொடைகளுக்கு நடுவே செருகிக்கொண்டு, சத்தம் வராமல் வாயைத் திறந்து மூடினான்.

மொரீஸ் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

“இத தண்டனன்னு நெனச்சுக்காதீங்க முசியே. தண்டன குடுக்க எங்களுக்கு அதிகாரமே கெடயாது. அதிகாரம் இல்லாத எதையும் இந்த ஆபீஸ் செய்யாது. கருவி ஒன்று செயலிழந்ததுன்னு ரசீது தருவாங்க, கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க.”

கையெழுத்துப் போட முடியாததால் இடது கட்டைவிரலை உருட்டிவிட்டு வந்தான்.

எட்டாம் நாள் ஆய்வுக்கு வந்தார்கள். முதல் ஜீப்பில் நீலகண்டனும் வெப்பமானியும். அது மூன்றடி நீளம், பித்தளை உறை, ஈட்டி முனை. இரண்டு காவலர்கள் தோளில் சுமந்து வந்தார்கள். இரண்டாவது ஜீப்பில் மணப் பிரிவுத் தலைவர் ஆத்ரியேன், தொற்றிக்கொண்டு மற்ற காவலர்கள். வழியில் மீன் கடை இருந்ததால் மூக்கை மஃப்ளரால் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

நீலகண்டன் வெப்பமானியைக் குழியில் இறக்கினார். முப்பது டிகிரி. பிறகு வெயிலில் நின்று வெளிச்சூட்டைப் பார்த்தார். முப்பத்து நான்கு.

“எருச் சூடும் வெளிச்சூடும் சமமா இருந்தாத்தான் முதிர்வு. சமமா இல்ல. முதிரல” என்றார்.

“குழி நெழல்ல இருக்கு, நீங்க வெயில்ல நின்னு பாக்குறீங்களே சார்?” என்றாள் கமர் நிஷா.

“நான் எங்க நிக்கணும்னு விதியில இல்லம்மா. அதனால எங்க நின்னாலும் அது விதிப்படிதான்.”

இதற்குள் ஆத்ரியேன் மஃப்ளரை அவிழ்த்து, குழியோரம் மண்டியிட்டு, கண்ணை மூடி மூச்சை இழுத்தார்.

“அருமையான மண் வாசன. முதிர்ந்துருச்சு. எழுதிக்கங்க.”

“முதிரலன்னு எழுதியாச்சே” என்றார் நீலகண்டன்.

“அடிச்சுட்டு எழுதுங்க. உங்க குச்சிய விட என் மூக்கு சீனியர். அது ஏழு மாசம் முன்னாடியே சர்வீஸ்ல சேந்துருச்சு.”

“மூக்குக்கு ஏதுய்யா சர்வீஸ்?”

ஆத்ரியேன் எழுந்து நீலகண்டனைக் கன்னத்தில் அறைந்தார். நீலகண்டன் தன் நெற்றியால் அவருடைய சர்வீஸின் மேலேயே முட்டினார். எலும்பு நொறுங்கிய சத்தம் வேலிக்கு அப்பால் கட்டியிருந்த மாடு வரை கேட்டது. மூக்கிலிருந்து ரத்தம் கொட்டக் கொட்ட ஆத்ரியேன் எதிராளியின் கழுத்தைப் பிடிக்க, நீலகண்டன் கையிலிருந்த வெப்பமானியை அவர் தொடையில் ஒரு சாண் ஆழத்துக்கு இறக்கிவிட்டார். அது முப்பத்தேழு காட்டியது. அந்த நிலையிலும் நீலகண்டன் கடமை தவறவில்லை. பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, ‘முதிரவில்லை’ என்று பதிந்துகொண்டார். அதற்குள் ஆத்ரியேன் கீழே சரிய, வெப்பமானி இரண்டாக முறிந்தது.

காவலர்கள் தாங்களாகவே பிரிவு பிரிந்தார்கள். மண்வெட்டி ஒருவனுடைய முன்பற்களைப் பெயர்த்தது. இன்னொருவன் காதில் பாதி எதிரியின் வாய்க்குப் போய் எருவில் துப்பப்பட்டது. சேக் பரீது மட்டும் தடியோடு நடுவில் நின்று, “சார், நான் எந்தப் பிரிவு? யாராவது சொல்லுங்க சார்” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். இரு தரப்பும் அவனை அடித்தது. கட்டுப்போட்ட கையைத் தூக்கிக்கொண்டு, “ஐயா, வேணாங்க” என்று நூகு உள்ளே நுழைந்தான். அதுவரை எதிலும் ஒத்துப்போகாத இரண்டு பிரிவுகளும் அவனை அடிப்பதில் ஒத்துப்போயின. விலாவில் இரண்டு எலும்பு விட்டுப்போயிற்று.

தகவல் போய் மொரீஸ் நேரில் வந்தார். காயம்பட்டவர்களை ஜீப்பில் ஏற்றச் சொல்லிவிட்டு, குழியைச் சுற்றி நடந்து, நின்றபடியே ப்ரொசே வெர்பால் எழுதினார். நடந்ததை நடந்த இடத்திலேயே பதிவு செய்கிற பிரெஞ்சுக் காலத்துக் காகிதம் அது. எழுதியதை உரக்கப் படித்தார்.

“எருவில் மனித ரத்தமும் காதின் ஒரு பகுதியும் கலந்திருக்கின்றன. புதுப் பொருள் சேர்ந்ததால் நொதித்தல் இன்று முதல் மீண்டும் தொடங்குகிறது. தொண்ணூறு நாளுக்குக் குழி மூடல்.”

“தொண்ணூறு நாளா? நாத்து கெழடாயிருமே ஐயா!” என்றாள் கமர் நிஷா.

மொரீஸ் அவளைக் கனிவோடு பார்த்தார்.

“அம்மா, இந்த எரு மக்கிருச்சுன்னு உங்களுக்குத் தெரியும். எனக்குந் தெரியும். அதோ, அந்த மாட்டுக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயத்துக்கு ஒரு ஆபீஸ் எதுக்குன்னு நாளைக்கு மேலிடத்துல கேட்டா நான் என்ன பதில் சொல்றது? பன்னெண்டு குடும்பம் இத நம்பி இருக்கு. அதனால, தெரியாதுன்னே வச்சுக்குவோம்.”

அவள் கூடையை எடுத்துக் குழியில் இறங்கினாள். முதல் கூடையை அள்ளி வரப்பில் கொட்டினாள். இரண்டாவதைக் கொட்டினாள். மூன்றாவது கூடையில் மொரீஸ் விசில் ஊதினார்.

பெண்களை அடிக்க விதியில் இடமில்லை. ஆகவே எருவை அள்ளுவதற்கான காரணத்தை அகற்றும்படி அவர் உத்தரவு போட்டார். நிற்க முடிந்த ஒன்பது காவலர்கள் நாற்றங்காலில் இறங்கி, வரிசை கட்டி, இடம் வலம் என்று மிதித்தார்கள். பச்சைப் பசேலென்று நின்ற நாற்று பூட்ஸுக்கு அடியில் சேறாகிக்கொண்டே வந்தது. கமர் நிஷா மண்வெட்டியைச் சுழற்றி ஒருவன் முழங்காலைப் பெயர்த்தாள். நூகு ஓடிப்போய் நாற்றின் மேல் குப்புற விழுந்து கைகால்களை விரித்துக்கொண்டான். அவனுக்கு அடியில் இருந்த ஓர் ஆள் அளவு நாற்றையாவது காப்பாற்றலாம் என்று நினைத்தான். அவர்கள் அவன் முதுகின் மேலும் இடம் வலம் தவறாமல் நடந்து போனார்கள்.

அவர்கள் போன பிறகு கமர் நிஷா அவனைத் திருப்பிப் போட்டு, வாயிலிருந்த சேற்றை விரலால் வழித்தாள். அவனுக்கு அடியில் இருந்த நாற்றும் செத்திருந்தது.

மக்கு ஆபீஸுக்கு இதில் பெரிய நஷ்டம். வெப்பமானி முறிந்துவிட்டது, புதிது வர ஒன்றரை வருஷம் ஆகும். ஆத்ரியேனின் மூக்குக்கு இனி எந்த வாசனையும் தெரியாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். சோதனை நின்றால் ஆபீஸும் நிற்கும். மொரீஸ் மூன்று நாள் யோசித்து ஒரு சுற்றறிக்கை விட்டார். கருவி வரும் வரை, கடைநிலை ஊழியர் ஒருவர் கருவியாகப் பதிவு செய்யப்பட்டு, கழுத்தளவு எருவில் இறக்கப்படுவார். கால் மணி நேரம் கழித்து அவர் நிலையைக் கொண்டு முதிர்வு நிர்ணயிக்கப்படும்.

கடைநிலையில் கடைசி ஆள் சேக் பரீது. அவன் முன்கையில் முத்திரை குத்தி, பதிவேட்டில் கருவி எண் மூன்று என்று ஏற்றினார்கள்.

நூகுவுக்கு இது தெரியாது. உடம்பு நிமிர்ந்ததும், யாரிடமாவது நட்டு மிஞ்சிய நாற்று கிடைக்குமா என்று ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருந்தான். அப்படித்தான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அம்பகரத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கினான். ரோட்டை ஒட்டிய கொல்லையில் கயிறு கட்டி, நாற்பது ஐம்பது பேர் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு எருக்குழி. ரோட்டிலிருந்தே அதன் மேல் ஆவி எழுவது தெரிந்தது.

“எத்தன நாளு குழி இது?” என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டான்.

“பன்னெண்டு நாளுதாங்க ஆவுது. யாரு கேட்டா இவங்கள? வந்து எறங்கிட்டானுவ.”

பன்னிரண்டு நாள் எரு என்றால் கடப்பாரையைச் செருகி எடுத்தாலே பிடிக்க முடியாது. சேக் பரீது சட்டையைக் கழற்றி, நான்காக மடித்து, ஓரமாக வைத்தான். குழியின் நடுவில் ஆள் உயரத்துக்குத் தோண்டியிருந்த பள்ளத்தில் இறங்கினான். மற்ற காவலர்கள் சுற்றிலும் எருவைத் தள்ளிக் கழுத்து வரை மூடினார்கள். நீலகண்டன் கடிகாரத்தைப் பார்த்தார்.

“பரீது, சூடு எப்படி?”

“இருக்குங்க சார்.”

“இருக்குன்னா? டிகிரி சொல்லு.”

“டிகிரி தெரியலைங்க சார். வேவுது.”

“வேவுதுங்கறது அளவு கெடயாது.”

பரீதின் முகம் சிவந்து, கழுத்து நரம்பு கயிறு மாதிரி புடைத்தது. அப்போதும் அவன், “சார், இன்னும் எவ்வளவு நேரம் சார்?” என்று முறையாகத்தான் கேட்டான். பிறகு அலறத் தொடங்கினான். அலறலைக் குறிப்பேட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று நீலகண்டன் பக்கங்களைப் புரட்டினார்.

நூகு கயிற்றைத் தாண்டியதை அவனே உணரவில்லை. தோண்டுவதற்குக் கொண்டுவந்த கடப்பாரை கீழே கிடந்தது. முதலில் தடுக்க வந்தவன் தோளில் அதை இறக்கினான். அடுத்தவன் தாடையில் அதன் தண்டு பட்டு, அவன் பேச்சில்லாமல் உட்கார்ந்தான். மற்றவர்கள் ஒதுங்கினார்கள். நூகு இரண்டு கையாலும் எருவை வாரி எறிந்தான். கோணிப்போன விரல்களோடு, தோல் கொப்பளிக்கக் கொப்பளிக்கத் தோண்டினான். அக்குளில் கைகொடுத்து பரீதை மேலே இழுத்தபோது, காக்கிக் கால்சட்டையோடு தொடைத் தோலும் உரிந்து வந்தது.

“இன்னும் ஆறு நிமிஷம் பாக்கி இருக்குய்யா!” என்று கத்தினார் நீலகண்டன்.

நூகு அவர் பிடரியைப் பிடித்து இழுத்து வந்து, வலது கையை முழங்கை வரை எருவுக்குள் செருகி, மேலே தன் முழங்காலை ஊன்றினான்.

“சொல்லுங்க சார். மக்கிருச்சா?”

“மக்கல! மக்கல! விடுய்யா!”

“எத்தன டிகிரி சார்?”

பதிலாக அலறல்தான் வந்தது. நூகு உடனே விடவில்லை. விட வேண்டிய நேரம் தாண்டியும் அழுத்திக்கொண்டிருந்தான். அந்தச் சத்தம் கேட்க நன்றாக இருந்தது. அப்படி இருந்ததுதான் பிறகு பல நாள் அவனைத் தூங்கவிடாமல் செய்தது. நாற்பது பேர் சேர்ந்துதான் அவனைப் பிரித்து எடுத்தார்கள்.

நீலகண்டனின் கை ஆறியது, சுருங்கியது. நூகுவின் மேல் அரசு ஊழியரைக் கொல்ல முயன்றதாக வழக்கு. கமர் நிஷா தெரிந்தவர்களிடம் வாங்கிய நாற்றைக் கொண்டு, சான்று இல்லாத அதே எருவைப் போட்டு, பாதி நிலத்தைத் தனியாக நட்டு முடித்தாள். அம்பகரத்தூருக்குப் பிறகு தடுக்க ஆபீஸில் யாருக்கும் தைரியம் வரவில்லை.

தை பிறந்து வழக்கு விசாரணைக்கு வந்தது. அம்பகரத்தூர்க்காரர்கள் அத்தனை பேரும் அன்றைக்கு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொல்லிவிட்டார்கள். கடப்பாரையைக் கண்டு ஒதுங்கியதை ஒப்புக்கொள்ள வெட்கப்பட்ட காவலர்கள் தாங்கள் அங்கே இல்லவே இல்லை என்றார்கள், அடிபட்ட நீலகண்டனின் சொல் மட்டும் போதாது என்றது கோர்ட். மிச்சம் இருந்த ஒரே சாட்சி சேக் பரீது. உள்ளதைச் சொன்னால் போதும், வேலை நிரந்தரம் என்று மொரீஸ் அவனிடம் சொல்லியிருந்தார். அவன் தடியை ஊன்றி, முழங்காலை மடக்க முடியாமல், காலை வீசி வீசி நடந்து வந்து கூண்டில் ஏறினான். நூகு அவனைப் பார்க்கவில்லை. பரீது விதி தவறாதவன் என்று அவனுக்குத் தெரியும்.

“அன்றைக்கு நடந்ததைச் சொல்லும்” என்றார் அரசு வக்கீல்.

பரீது நீதிபதியைக் கும்பிட்டான்.

“ஐயா, ஒரு சந்தேகம். நான் இப்ப ஆளா, கருவியா?”

“என்ன கேள்வி இது?”

“என்னய கருவி நம்பர் மூணுன்னு பதிஞ்சு முத்திர குத்தியிருக்காங்க ஐயா. இந்தா பாருங்க.” முன்கையைக் காட்டினான். தோல் வெந்த இடத்திலும் முத்திரையின் விளிம்பு தெரிந்தது. “அடிச்சு எழுதி இன்னும் ஆர்டர் வரல. கருவி வந்து சாட்சி சொல்லலாமுங்களா? விதி தெரியாம எதையும் செய்யக் கூடாதுன்னு மொரீஸ் சார்தான் சொல்லிக்குடுத்தாரு.”

நீதிபதி பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லிப் படித்தார். இரண்டு முறை படித்தார். பிறகு மொரீஸைப் பார்த்து, இந்தப் பதிவு சரிதானா என்று கேட்டார். மொரீஸ் எழுந்து நின்றார். சரியில்லை என்றால் ஒரு மனிதனை வேகவைத்ததற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

“சரிதான், யுவர் ஆனர். எங்க ஆபீஸ் பதிவேட்டுல தப்பே இருக்காது” என்றார்.

சாட்சி இல்லாததால் வழக்கு தள்ளுபடியாயிற்று. ஒரு வாரத்தில் கருவி எண் மூன்று பழுதடைந்ததாகக் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. சேக் பரீதுக்கு வேலை போனது அப்படித்தான்.

ஆனால் அது அடுத்த வாரம். அன்றைக்குக் கோர்ட் வாசலில் இரண்டு பேரும் எதிர்ப்பட்டார்கள்.

“அறுப்பு ஆயிருச்சா நானா?” என்று கேட்டான் பரீது.

“பாதி நெலத்துலதான் நட்டோம். அது ஆயிருச்சு.”

“வெளஞ்சுச்சா?”

“நல்லா வெளஞ்சுச்சு.”

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். பரீதின் நடைக்கு அது வெகுநேரம் பிடித்தது. பஸ்ஸில் கூட்டமே இல்லை. உட்கார முடியாததால் பரீது கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். “இவ்வளவு சீட்டு காலியா கெடக்கு, உக்காருங்களேன்” என்றார் கண்டக்டர். நூகு வலது கையால் கம்பியைப் பிடித்துப் பார்த்தான், பிடி கிடைக்கவில்லை. இடது கைக்கு மாற்றிக்கொண்டு, குரும்பகரம் வரும் வரை அவனும் நின்றுகொண்டே வந்தான்.